பாக்கி வசூலிக்கும் தபால் தலை

தலை ஒட்டாமல் வந்த கடிதத்துக்கு வாங்குகிறவரிடம் காசு கேட்பது நமக்குப் புதிதல்ல. பேரிங் கடிதம் என்போம். உறைமேல் தொகையை எழுதி வசூலித்தால் முடிந்தது. பிறகு சில நாடுகள் அதற்கென்று தனித் தபால் தலை அச்சடித்தது எதற்கு? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

முதலில் அடித்தது பிரான்ஸ், 1859 ஜனவரியில். வெளியூர்க் கடிதம் என்றால் அனுப்பும் அலுவலகம் பாக்கியைச் சீட்டில் குறித்துவிடும். இறங்கும் அலுவலகம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். உள்ளூரில் போட்டு உள்ளூரிலேயே பட்டுவாடாவாகும் கடிதத்துக்கு அந்த இரண்டாவது கணக்கே கிடையாது. வசூலான காசு சட்டைப்பைக்குள் போனாலும் கேட்க ஆளில்லை. ஊழியரிடம் தலைகளை எண்ணிக் கொடுத்து, வசூலிக்கும் கடிதத்தில் ஒட்டச் சொல்லிவிட்டால்? குறைந்த தலைக்குச் சமமாகக் காசு வந்தாக வேண்டும். ஆக, இந்தத் தலை காவல் காத்தது பொதுமக்களை அல்ல, தபால் ஊழியரை!

அதனால்தான் அதில் அரசர் முகமில்லை, அலங்காரமில்லை. கறுப்பு மை, நடுவில் பெரிதாக 10 என்ற எண், வசூலிக்க வேண்டிய சாந்தீம் (பிரெஞ்சுச் சில்லறை) என்ற வாசகம். முதலில் கல்லச்சில் அடித்தார்கள். அதே ஆண்டில் எழுத்தச்சுக்கு மாறினார்கள்.

சுவிட்சர்லாந்து 1878இல் இன்னும் சிக்கனமாக யோசித்தது. எல்லா விலைக்கும் எண்ணைச் சுற்றி ஒரே ஓரச்சட்டம். எண்ணை மட்டும் தனியாக அடித்தால் போதும். ஆனால் அந்தச் சட்டம் மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். தாள் தலைகீழாகப் போனாலும் அச்சகத்தார் கண்ணில் படவில்லை. சேகரிப்பாளர்கள் இன்றும் நேர்ச்சட்டம், தலைகீழ்ச்சட்டம் என்று பிரித்து வைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் தலை. 1914இல் வெளியானது, ஜார்ஜ் ஈவ் வரைந்தது. இதிலும் நடுவில் எண்தான். வழக்கமான தாளிலேயே அகலவாக்கில் அடித்ததால் தாளுக்குள் இருக்கும் நீர்க்குறி (வாட்டர்மார்க்) படுத்துக் கிடக்கும். முகமே இல்லாததால் அரசர் மாறினாலும் வடிவத்தை மாற்றத் தேவையிருக்கவில்லை. தாளின் நீர்க்குறிதான் மாறியது. ஓராண்டுகூட ஆளாத எட்டாம் எட்வர்டின் நீர்க்குறியோடும் இந்தத் தலைகள் உண்டு. நான்கு ஆட்சிகளைப் பார்த்த அந்த வடிவத்துக்கு விடை கொடுத்தது நாணயம்: ஷில்லிங் கணக்கு போய்த் தசம நாணயம் வந்தபோதுதான் புது வடிவம் வரைந்தார்கள்.