செம்பு இருக்கு... உலை இல்லை!

பிட்ஸ் பிலானி தெரியாத இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட் உண்டா? அந்தப் பிலானி இருக்கிற ராஜஸ்தான் ஜுன்ஜுனு மாவட்டத்துலதான் கேத்ரியும் இருக்கு. ஆரவல்லி மலையடிவாரத்துச் சின்ன ஊர். குறைஞ்ச மழை, முள்ளுச்செடி, பிழைப்பு தேடி வெளியூர் போற ஜனம்னு நம்ம திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்தை ஞாபகப்படுத்துற பூமி. ஒரே வித்தியாசம், அங்கே மண்ணுக்கு அடியில செம்பு!

'அப்போ ஊரே கொழிக்குமே'ன்னுதானே நினைக்கிறீங்க? கதையைக் கேளுங்க.

கேத்ரி வட்டாரத்துல கணேஷ்வர்னு ஓர் ஊர். அங்கே தோண்டினப்போ அம்பு முனை, ஈட்டி முனை, தூண்டில் முள்ளுன்னு ஏராளமான செம்புப் பொருட்கள் கிடைச்சுது. வயசு 4,000 வருஷத்துக்கும் மேல! ஹரப்பா நகரங்களுக்கே இங்கிருந்து செம்பு போயிருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

பிற்காலத்துலயும் இங்கே சுரங்கம் வெட்டி, கரி மூட்டி செம்பு உருக்கினாங்க. 19-ம் நூற்றாண்டுல வெளிநாட்டுச் செம்பு மலிவா வந்து இறங்குச்சு. உலைக்குக் கரியும் தட்டுப்பாடு. உள்ளூர் உலைகள் அணைஞ்சு போச்சு. செம்பு தீர்ந்ததால இல்லை, கட்டுப்படி ஆகாததால!

ரெண்டாவது இன்னிங்ஸ்

1967-ல மத்திய அரசு 'இந்துஸ்தான் காப்பர்' நிறுவனத்தை ஆரம்பிச்சுது. 1975-ல கேத்ரி உருக்காலையை நாட்டுக்கு அர்ப்பணிச்சவர் பிரதமர் இந்திரா காந்தி. வருஷத்துக்கு 31,000 டன் திறன். ஆலையை நம்பி, குவார்ட்டர்ஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரியோட கேத்ரி நகர்னு ஒரு டவுன்ஷிப்பே எழுந்துச்சு.

இங்கே ஒரு சின்ன கணக்கு. கேத்ரி பாறையில செம்பு சுமார் 1 சதவீதம்தான். அதாவது 1,000 கிலோ பாறையை வெட்டி, தூக்கி, அரைச்சாத்தான் 10 கிலோ செம்பு. அரைச்ச தூளை நுரையில மிதக்கவிட்டு செம்புத்தாதைப் பிரிக்கணும். அப்புறம் உருக்கணும், மின்சாரம் பாய்ச்சி சுத்தம் பண்ணணும். செலவு இங்கே, விலையைத் தீர்மானிக்கிறது லண்டன் மார்க்கெட்!

2008 கடைசியில அந்த விலை சில மாசத்துல பாதிக்கும் கீழே சரிஞ்சுது. அதே வருஷம் கேத்ரி உருக்காலை நின்னுது. சுரங்கம் மட்டும் ஓடுது, தாதுத்தூள் வெளியூருக்குப் போகுது. பாறைக்கடியில உயிரைப் பணயம் வைக்கிறது மட்டும் மாறலை. 2024 மே மாசம் பக்கத்துக் கோலிஹான் சுரங்கத்துல லிஃப்ட் அறுந்து, 1,800 அடிக்கும் கீழே 15 பேர் சிக்கினாங்க. 14 பேரை மீட்டாங்க. ஒருத்தர் இறந்துட்டார்.

நம்ம பக்கம் தூத்துக்குடி கதை வேற. அங்கே வெளிநாட்டுத் தாது, உள்ளூர் உலை. காத்தும் தண்ணியும் கெடுதுன்னு போராடின மக்கள் மேல 2018 மே மாசம் துப்பாக்கிச் சூடு. 13 பேர் பலி. ஸ்டெர்லைட் ஆலை மூடப்பட்டுச்சு.

ஓர் ஊர்ல தாது இருந்தும் உலை நின்னுது. இன்னோர் ஊர்ல உலை நல்லா ஓடியும் ஜனம் ஏத்துக்கலை. அதனால, 'எங்க வறண்ட பூமிக்கு ஒரு பெரிய ஃபேக்டரி வந்தாப் போதும்'னு யாராவது சொன்னா, ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க ஃப்ரெண்ட்ஸ். உலக மார்க்கெட் சரிஞ்சா இந்த ஊர் எதைச் சாப்பிடும்? 10 கிலோ செம்பு போக, மிச்சம் 990 கிலோவை எங்கே கொட்டுவீங்க?