ஒருமுறை எடுத்து, பலருக்குப் பகிர்தல்

ஒரு நிலையத்தில் பலர் ஒரே இணைய இணைப்பைப் பாவித்தால் வேகம் குறையும். இதற்கு உதவுவது "பிராக்சி" எனப்படும் இடைப்பெட்டி. இது சங்கக்கடை போன்றது. சீனி வாங்க ஒவ்வொருவரும் பட்டணம் போவதில்லை. கடை ஒருமுறை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்கிறது.

ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டதும், பெட்டி அதைத் தூரத்துக் கணினியிலிருந்து எடுத்துக் கொடுத்து, ஒரு பிரதியையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அடுத்தவருக்கு அப்பிரதியே கிடைக்கும். 1996இல் வெளிவந்த "ஸ்குவிட்" என்னும் இலவச மென்பொருள் இவ்வேலையையே செய்கிறது.

பிரதி பழசாகாதா? அது எத்தனை செக்கன்களுக்குச் செல்லுபடியாகும் என்ற குறிப்புப் பக்கத்துடனேயே வரலாம். அக்காலம் கடந்தபின் யாராவது கேட்டால், "மாறிவிட்டதா?" என்று பெட்டி மூலக் கணினியை விசாரிக்கும். மாறவில்லையெனில் 304 என்ற சிறு பதில் மட்டுமே வரும்.

குறித்த காலம் அளவுக்கு மீறி நீண்டிருந்தால், நேற்றைய வெள்ள எச்சரிக்கையே இன்றும் தெரியக்கூடும். ஆகவே, விதைக்குமுன் வானிலை பார்ப்பவர் பக்கத்திலுள்ள திகதியையும் பார்க்கவேண்டும். சந்தேகமாயின் பக்கத்தைப் புதுப்பிக்கவேண்டும்.

இன்று பெரும்பாலான பக்கங்கள் பிறர் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டே வருகின்றன. சாதாரணமாக இப்பெட்டியால் அவற்றைச் சேமிக்க முடியாது. இப்பெட்டியை வாங்க எண்ணும் சங்கங்கள் இதை முதலில் விசாரித்தறிவது நல்லது.