ரெனுவார் தீட்டிய சிவப்பு எங்கே?
இம்ப்ரெஷனிச ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சிகாகோ கலைக்கூடத்துக்கு நீங்கள் சென்றால், பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-ல் தீட்டிய திருமதி கிளாப்பிசோனின் உருவப்படத்தைத் தேடிப் பாருங்கள். அம்மையாருக்குப் பின்னே தெரியும் வெளிறிய நீலச் சாம்பல் நிறம் ரெனுவார் நினைத்த நிறமன்று!

படத்தின் சட்டத்தைக் கழற்றியபோது, அது மறைத்திருந்த ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு தென்பட்டது. கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்னும் சாயம் அது. ஒளி பட்டால் அதன் மூலக்கூறுகள் சிதைந்துவிடும். வெயிலில் காயப்போட்ட சேலை வெளுப்பது போலத்தான். சட்டத்தின் அடியில் ஒளி புகாததால் அங்கே மட்டும் நிறம் பிழைத்தது.

சாயம் இன்னதென்று எப்படி அறிந்தார்கள்? மிகச்சிறு துணுக்கை எடுத்து, வெள்ளி நுண்துகள்களோடு சேர்த்து லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். சிதறிய ஒளி சாயத்தைக் காட்டிக்கொடுத்தது. நம் சி.வி. இராமன் 1928-ல் கண்ட விளைவேதான். வெள்ளி அதைப் பன்மடங்கு வலுவாக்குகிறது.

2014-ல், கணிப்பொறி கொண்டு பழைய நிறத்தை மீட்ட படி ஒன்றையும் அங்கே காட்சிக்கு வைத்தார்கள். மூல ஓவியத்தின்மேல் புதுச் சிவப்பு எதையும் பூசவில்லை.