நம்பிக்கை முறிந்த பின்...

வீடு திரும்பிய கோவலனிடம் கண்ணகி மறுபேச்சின்றித் தன் சிலம்பைத் தர முன்வந்தாள். பொறுமைக்கு இலக்கணமாக நம் வீடுகளில் சொல்லப்படும் காட்சி இது. பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும், துணையின் துரோகத்தை அறிந்து கலங்கி நிற்பவருக்கு உறவினர் கூறும் முதல் அறிவுரையும் "பொறுத்துப் போ" என்பதுதான். பொறுத்துப் போனால் மனக்காயம் ஆறிவிடுமா?

முதலில், துரோகம் ஏன் நிகழ்கிறது என்று பார்ப்போம். மகிழ்ச்சியற்ற இல்லறத்தில்தான் அது நேரும் என்பது பொதுவான எண்ணம். ஆனால், அமெரிக்க உளவியலாளர்கள் ஷர்லி கிளாசும் தாமஸ் ரைட்டும் 1985இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. மணவுறவுக்கு வெளியே தொடர்பு கொண்ட ஆண்களில் 56 விழுக்காட்டினரும் பெண்களில் 34 விழுக்காட்டினரும் தங்கள் மணவாழ்வு மகிழ்ச்சியானது என்றே கூறினர். பல தொடர்புகள் சாதாரண நட்பாகவே தொடங்குகின்றன. துணையிடம் சொல்ல வேண்டியதை வேறொருவரிடம் சொல்லி, அதைத் துணையிடம் மறைக்கும்போது எல்லை மீறப்படுகிறது. ஆகவே, "நான் என்ன குறை வைத்தேன்?" என்று ஏமாற்றப்பட்டவர் தம்மையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

கிள்ளானில் என் தோழி ஒருத்தி இதே கேள்வியோடு பல இரவுகள் தூங்காமல் கிடந்தாள். ஒரே நினைவு திரும்பத் திரும்ப வருவதும், கைப்பேசி ஒலித்தாலே நெஞ்சு படபடப்பதும் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் காணப்படும் அறிகுறிகள். இவை பலவீனமல்ல. "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் வாயை அடைத்ததுதான் வேதனையைக் கூட்டியது.

உளவியலாளர் ஜான் காட்மன், மீட்சியின் முதல் படி தவறு செய்தவரின் கழுவாய் என்கிறார். சாக்குச் சொல்லாமல் தவற்றை ஏற்க வேண்டும்; பாதிக்கப்பட்டவரின் வேதனையைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். சிலப்பதிகாரத்திலும் இது உண்டு. மதுரையில் மாதரி தந்த மனையில் கோவலன் தன் தவறுகளை எண்ணி வருந்துகிறான். கண்ணகியும் அவன் செய்தது போற்றத்தகாத ஒழுக்கம் என்று நேருக்கு நேர் சொல்கிறாள். நாமோ சிலம்பை நினைவில் வைத்து, இந்த உரையாடலை மறந்துவிட்டோம்.

மன்னிப்பும் நம்பிக்கையும் ஒன்றல்ல. மன்னிப்பதை ஒருவர் தனியாகவே செய்ய முடியும். நம்பிக்கை மீள்வதற்கு, மற்றவர் சொன்ன சொல்லை நாள்தோறும் காப்பாற்ற வேண்டும். அது நடக்காதபோது விலகுவதும் மீட்சியே.

அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார் ஒருவர் மனைவி இருக்கும்போதே கோயிலில் இன்னொரு தாலி கட்டினால் அது செல்லாது. மணவுறவு முறிந்ததற்குத் துரோகத்தையும் ஒரு காரணமாக நீதிமன்றம் கருதுகிறது.

மாணவ நண்பர்களே, நாளை ஒரு தோழனோ தோழியோ கலங்கி வந்து நின்றால், அறிவுரையை ஒத்திவைத்துவிட்டு முதலில் செவிகொடுங்கள்.