முதுகெலும்பு நடவு

பாகூர், வில்லியனூர் பக்கத்து வீடுகளில் கோழியை அடை வைத்த ஐந்தாறு நாளில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். சிவப்பு நரம்பு கிளைவிட்டிருந்தால் கரு கட்டிவிட்டது. ஒன்றுமில்லை என்றால் கூமுட்டை. பார்ப்பவருக்கு அது ஆரம்பம்தான். ஆனால் குஞ்சின் முதுகில் எத்தனை எலும்பு என்ற கணக்கு அதற்குள் முடிந்துவிட்டிருக்கும்.

முட்டை இடும்போதே மஞ்சள் கருவின்மேல் பல ஆயிரம் செல்கள் சேர்ந்த சின்ன வெள்ளைத் தட்டு ஒன்று இருக்கிறது. சூடு குறைந்ததும் அது அப்படியே நின்றுவிடும். ஒரு வாரமாகச் சேர்த்த முட்டைகள் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிப்பது இதனால்தான். (சித்திரை வெயிலில் முட்டையைக் கண்ட இடத்தில் வைத்தால், அடைக்கு முன்பே வளர்ச்சி அரைகுறையாகத் தொடங்கிக் கரு செத்துப்போகும்.)

கோழி உட்கார்ந்து சூடு ஏறியதும் தட்டின் நடுவே ஒரு கோடு விழுகிறது. மேலே இருக்கும் செல்கள் அதன் வழியே உள்ளே இறங்குகின்றன. அடியில் சேர்பவை அக அடுக்கு: குடலின் உள்பூச்சும் ஈரலும் அதிலிருந்து. மேலே தங்குபவை புற அடுக்கு: மூளை, நரம்பு, மேல்தோல். இடையில் பரவுவது நடு அடுக்கு, அதாவது மீசோடெர்ம். கோழிக்குழம்பில் நம் தட்டுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். கறி, எலும்பு எல்லாம் இதன் வேலை. இதயமும் ரத்தமும் சிறுநீரகமும்கூட.

நடுக்கோட்டின் இருபுறமும் இந்த அடுக்கு இரண்டு பட்டைகளாக நிற்கிறது. அடைக்கு வைத்து ஏறத்தாழ ஒரு நாளில், தலைப்பக்கத்தில் ஒவ்வொரு பட்டையிலிருந்தும் ஒரு துண்டு தனியாகப் பிரிகிறது. அதுதான் சோமைட். பிறகு 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக வால் நோக்கிப் போய், சுமார் 50 ஜோடியில் நிற்கும். இத்தாலியின் மார்செல்லோ மால்பீகி 1672-லேயே நுண்ணோக்கியில் இந்த வரிசையைப் பார்த்து வரைந்துவிட்டார். ஆனால் 90 நிமிடம் என்று கருவுக்கு யார் சொல்கிறார்கள்?

பாகூர் வயலில் நடவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பெண்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுகிறார்கள்; நட்ட வரிசை முன்னால் நிற்கிறது. வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு வரிசை நடும் நேரத்துக்குள் எவ்வளவு பின்வாங்குகிறார்களோ அவ்வளவு. கருவிலும் வால் முனையிலிருந்து ஒரு வேதிச் சமிக்ஞை பரவி, செல்களை முதிர விடாமல் வைத்திருக்கிறது. வால் நீள நீள அந்தச் சமிக்ஞையின் எல்லையும் பின்வாங்குகிறது. செல்களுக்குள் சில மரபணுக்கள் தாளம் தப்பாமல் விழித்து அடங்குகின்றன. எல்லை கடந்த செல்கள் தாளத்துக்கு ஒரு சோமைட்டாகப் பிரிந்து நிற்கின்றன.

இப்படி ஒரு கடிகாரம் இருக்க வேண்டும் என்று 1976-இல் குக், ஸீமன் இருவரும் காகிதத்தில்தான் சொன்னார்கள். ஸீமன் கணிதக்காரர். 1997-இல் பிரான்சில் ஒலிவியே பூர்க்கியேவின் குழு, கோழிக்கருவில் ஒரு மரபணு அதே 90 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அடங்குவதைக் காட்டியது.

தாளத்தை விரைவாக்கினால் இடைவெளி குறுகும், அதே வயலில் வரிசை கூடும். பாம்பு செய்வது அதுதான். நம் சாரையின் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கச் சோளப் பாம்பை 2008-இல் ஆராய்ந்தபோது, வளர்ச்சி வேகத்தோடு ஒப்பிட்டால் அதன் கடிகாரம் பல மடங்கு விரைவாக ஓடுவது தெரிந்தது. சோமைட்டுகள் 300 ஜோடிக்கு மேல்.

சோமைட்டின் உள்பக்கச் செல்கள் தண்டுவடத்தைச் சூழ்ந்து முள்ளெலும்பாகும். வெளிப்பக்கம் தசையும் முதுகின் உள்தோலும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இதில் உண்டு. ஒரு சோமைட் அப்படியே ஒரு முள்ளெலும்பு ஆவதில்லை. ஒன்றின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் ஒட்டித்தான் ஒரு எலும்பு. தசையோ பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால் ஒவ்வொரு தசையும் இரண்டு எலும்புகளுக்குப் பாலமாகிறது. இல்லையென்றால் முதுகு வளையாது.

மனிதக் கருவில் இது மூன்றாம் வாரக் கடைசியில் தொடங்குகிறது, ஒரு ஜோடிக்குச் சுமார் 5 மணி நேரம். தாளத்தில் பிசகினால் அரை முள்ளெலும்பும் ஒட்டிய விலாவுமாகக் குழந்தை பிறக்கலாம். முதுகெலும்பு உருவாகும் அதே வாரங்களில்தான் நடு அடுக்கின் மற்றப் பகுதிகளிலிருந்து இதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. அதனால் அப்படி ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து ஸ்கேன் எழுதிக் கொடுப்பார்.