பழைய டிரான்சிஸ்டரில் புதிய நாதம்

கார்டன் ரீச்: பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காயலான் கடைக்குப் போடுமுன் வாசகர்கள் சற்றே யோசிப்பது நல்லது. வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் பிள்ளை இருந்தால், அவன் ஆசைப்படும் விலை உயர்ந்த வெளிநாட்டுச் சாதனத்தின் உயிர்நாடி அந்த ரேடியோவுக்குள்ளேயே இருக்கக்கூடும்.

அச்சாதனத்தின் பெயர் ஃபஸ் பெடல். காலால் ஒரு மிதி மிதித்தால், கிட்டாரின் தெளிந்த ஒலி தடித்துக் கரகரத்து, நாகசுரம் போல நீண்டு முழங்கும்.

கோளாறில் பிறந்த ஒலி

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய பாடல் ஒன்றைப் பதிவு செய்தபோது, கருவியில் ஏற்பட்ட பழுதால் கிட்டார் ஒலி சிதைந்துவிட்டது. அதை நீக்காமலே 1961-ல் இசைத்தட்டை வெளியிட்டனர். பாடலும் வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே ஒலியை டிரான்சிஸ்டர்களால் உண்டாக்கினார். 1962-ல் கிப்சன் நிறுவனம் அதைப் பெடலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1966-ல் லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' பிறந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸால் அது உலகப் புகழ் பெற்றது.

ஹென்ட்ரிக்ஸுக்குப் பெடல்களைத் திருத்திக் கொடுத்த ரோஜர் மேயர், பிரிட்டிஷ் கடற்படையின் ஆராய்ச்சிப் பிரிவில் ஒலி, அதிர்வு ஆய்வுகளில் பணியாற்றியவர். போர்க்கப்பல் கட்டும் தளத்தின் அருகே வாழும் கார்டன் ரீச்வாசிகளுக்கு இது சுவையான செய்தியாக இருக்கும்.

வெயிலின் விளையாட்டு

ஃபஸ் ஃபேஸுக்குள் இருப்பவை மொத்தம் 11 பாகங்களே: டிரான்சிஸ்டர் 2, ரெசிஸ்டர் 4, கண்டென்சர் 3, கண்ட்ரோல் 2. முதலில் வந்தவற்றில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் பின்னால் வந்தவற்றில் சிலிக்கான் டிரான்சிஸ்டர்களும் இருந்தன. ஜெர்மானியத்தின் ஒலி மென்மையானது என்பது வாசிப்போர் பலரின் கருத்து.

ஆனால் ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினால் அதில் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். லண்டன் குளிரில் இனித்த பெடல், கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் தொண்டை கட்டியதுபோல் ஒலிப்பதற்கு இதுவே காரணம். பெடல் மட்டம் என்று எண்ணி வேறொன்றுக்குப் பணம் கொடுப்பது வீண்.

இதற்குப் பரிகாரம் எளிது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக 20 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றைப் பொருத்தவேண்டும். வாசிக்கும் அறையின் வெப்பத்திலேயே மல்டிமீட்டரை வைத்து, கலெக்டரில் சுமார் 4.5 வோல்ட் வரும்வரை திருப்பவேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் இது சரிபாதி. தடித்த தந்திகளின் ஒலி குழம்பினால், உள்ளே நுழையும் இடத்தில் உள்ள 2.2 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரை 0.22 ஆகக் குறைத்தால் ஒலி தெளியும்.

பெங்களூர்ச் சரக்கு

பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தயாரிப்பை 1962-ல் தொடங்கியது. அந்நிறுவனத்தின் ஏசி 128, நம் நாட்டு ரேடியோக்களில் ஸ்பீக்கரை இயக்கிய டிரான்சிஸ்டர். ஃபஸ் பெடல் செய்வோர் இன்றும் தேடும் ரகங்களில் ஏசி 128-ம் ஒன்று.

கழற்றும்போதும் பொருத்தும்போதும் அதன் காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு பற்றவைக்கவேண்டும். இல்லையேல் சூட்டில் டிரான்சிஸ்டர் செத்துவிடும். விரல் சூடு பட்டாலே அளவு மாறும் என்பதால், ஆறியபின் அளப்பதே சரி. இது பி.என்.பி. ரகம், பேட்டரியின் பாசிட்டிவ் முனை 'எர்த்' ஆகும். ஆகவே மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைக்கலாகாது; தனி பேட்டரியே நல்லது.

பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவை யாரும் உடைக்கவேண்டாம். ஊமையாகிப் போனதைத் திறந்தால் போதும். பெட்டி இறந்தாலும் உள்ளே டிரான்சிஸ்டர் பிழைத்திருக்கலாம். திருத்தத்தில் தவறு நேர்ந்தால் நஷ்டம் சில ரூபாய்ப் பாகங்கள்தான். சரியாக அமைந்தாலோ, சம்பளத்தில் பெருந்தொகை மிச்சம். பிள்ளைக்கும் ஒரு கைத்தொழில் வந்து சேரும்.