வீதி யாருக்குரியது? சிங்கப்பூர் சொல்லும் பதில்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் நம் வீடுகள் பலவற்றில் "என்ன படிக்கப் போகிறாய்?" என்ற கேள்விக்கு முன்னரே இன்னொரு கேள்வி எழுந்துவிடுகிறது: "எப்படிப் போய் வருவாய்?" மிதிபலகையில் தொங்கும் கூட்டத்தையும், இருட்டியபின் வெறிச்சோடிப் போகும் பஸ் தரிப்பிடத்தையும் நினைத்து வாப்பா யோசிக்கிறார், உம்மா மௌனமாகிறார். முச்சக்கரவண்டிக்கு மாதாமாதம் காசு கட்ட இயலாத வீட்டில், ஒரு பிள்ளையின் படிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோவதும் உண்டு. ஆகவே, கல்வியைப் பற்றிப் பேசுகையில் போக்குவரத்தையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. இடம் குறைந்து சனம் நிறைந்த ஒரு நகரம் இந்தச் சிக்கலை எவ்வாறு கையாண்டது என்பதைப் பார்ப்போம்.

சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீற்றர். நமது கொழும்பு மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. கொழும்பு மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 23 இலட்சம் மக்கள் இருந்தனர். சிங்கப்பூரிலோ இன்று ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வாழ்கின்றனர். நிலத்தில் சுமார் 12 சதவீதம் ஏற்கெனவே வீதிகளாகிவிட்டது. வீடு, பாடசாலை, வைத்தியசாலை, துறைமுகம், நீர்த்தேக்கம் யாவும் எஞ்சிய நிலத்துக்குள் அடங்கியாக வேண்டும். வீதியை அகலப்படுத்திக்கொண்டே போக அங்கு வழியில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு பஸ் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய மூன்று கார்கள் நிற்கலாம். அந்தக் கார்களில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் இருப்பர். இரண்டு தட்டு பஸ் ஒன்றோ நூறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும். வீதி எல்லோருக்கும் பொதுவானதென்றால், அதில் அதிக இடம் பிடிப்பவர் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதே சிங்கப்பூர் எடுத்த முடிவு.

1975 ஜூன் மாதத்தில், காலை நெரிசல் வேளையில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 டொலர் அனுமதிக் கட்டணம் விதிக்கப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து வரும் காருக்கு அப்போது கட்டணமில்லை. 1998இல் இந்த முறை மின்னணு முறையாக மாறியது. வீதிக்கு மேலுள்ள வளைவைக் கார் கடக்கும்போதே கட்டணம் கழிந்துவிடும். நெரிசல் வேளையில் கூடுதலாகவும், மற்ற வேளைகளில் குறைவாகவும்.

1990 மே மாதத்தில் வந்த ஏற்பாடு இன்னும் இறுக்கமானது. கார் வாங்க விரும்புபவர் முதலில் அதற்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அண்மைய ஆண்டுகளில் இந்தச் சான்றிதழ் மட்டுமே ஓர் இலட்சம் சிங்கப்பூர் டொலரைத் தாண்டியிருக்கிறது. நமது பணத்தில் இரண்டு கோடி ரூபாவுக்கும் மேல்! காரின் விலை தனி.

காரைத் தடுத்தால் மட்டும் போதாது. மாற்று வழியும் வேண்டும். ரயில் பாதை அமைப்பதா, பஸ்களை மட்டும் பெருக்குவதா என்று அங்கே பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. பெருஞ்செலவு பிடிக்குமென்று தெரிந்தும் 1982இல் ரயிலுக்கு முடிவாயிற்று. 1987 நவம்பர் 7ஆம் திகதி ஐந்து நிலையங்களுடன் முதற்பகுதி திறக்கப்பட்டது. இன்று ஆறு தடங்களில் ரயில் ஓடுகிறது. பெருநாள் காலத்தில் களைகட்டும் கேலாங் சிராயின் சந்தைக்கும், பழைமை வாய்ந்த சுல்தான் பள்ளிவாசலுக்கும் ரயிலில் இறங்கி நடந்தே போகலாம்.

ரயில் நின்ற இடத்திலிருந்து வீடு வரைக்கும் பஸ் கைகொடுக்கிறது. புதிய குடியிருப்பு நகரங்களில் ரயில் நிலையத்தை ஒட்டியே பஸ் நிலையமும் அமைக்கப்பட்டிருக்கும். மழையில் நனையாமல் போகக் கூரையிட்ட நடைபாதைகள் உள்ளன. பஸ்ஸில் நடத்துநர் இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் பயண அட்டையைக் கருவியில் காட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் முழுத் தூரத்துக்கும் கட்டணம் போய்விடும். ரயிலிலிருந்து பஸ்ஸுக்குக் குறித்த நேரத்துக்குள் மாறினால் புதிதாகக் கட்டணம் தொடங்காது. மொத்தத் தூரத்துக்கே கணக்கு. மாணவருக்கும் முதியோருக்கும் சலுகை உண்டு. சக்கர நாற்காலியில் வருபவரும் எல்லாப் பொது பஸ்களிலும் ஏற முடியும். ரயில் அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும். டூரியான் பழத்துக்கு மட்டும் ரயிலில் இடமில்லை. அதன் வாசனை அப்படி!

இத்தனை இருந்தும் குறைகள் இல்லாமல் இல்லை. 2024 செப்டெம்பரில் ஒரு தடத்தின் ஒரு பகுதி ஆறு நாட்கள் முடங்கியபோது இலட்சக்கணக்கானோர் சிரமப்பட்டனர். கார் வசதி படைத்தவருக்கே எட்டும் பொருளாகிவிட்டது; நோயாளிப் பெற்றோரையும் கைக்குழந்தைகளையும் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பாரம்தான். ஏலத்தில் பணம் வெல்லும், தேவை வெல்லாது. இது அங்குள்ளவர்களே எழுப்பும் நியாயமான கேள்வி.

அவர்களிடம் உள்ள பணம் நம்மிடம் இல்லை. நிலத்தடி ரயிலை நாளை நாம் கனவு காண வேண்டியதுமில்லை. ஆனால் சொன்ன நேரத்துக்கு வரும் பஸ், வெளிச்சமுள்ள தரிப்பிடம், மாணவிகளை ஏற்றாமல் போகாத சாரதி, நின்றுகொண்டிருப்பவருக்கு இடம் கொடுக்கும் பயணி, பக்கத்திலிருக்கும் பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்தால் வாய் திறந்து கேட்கும் சக பயணி: இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. இவற்றில் சில அதிகாரிகளின் கடமை. சில நம் ஒவ்வொருவரின் கடமை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

அன்று "எப்படிப் போய் வருவாய்?" என்று வாப்பா கேட்டால், "பஸ்ஸில்தான்" என்று மகள் சொல்வாள். அவரும் நிம்மதியாகத் தலையசைத்து, "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பார்.